140 ஸ்லைடுகளை ஒதுக்கி வையுங்கள். முதலில் வார்டுக்குப் போய் வாருங்கள்

வில்லிவாக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் பணியிடமும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிடுகிறேன். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 14 ஆண்டுகள் செவிலியராக இருந்தவர். இரண்டு ஆண்டுகளாக அங்கேயே பயிற்சிப் பிரிவில் இருக்கிறார். மருத்துவக் கழிவுகளைப் பிரித்துப் போடுவது பற்றித் தூய்மைப் பணியாளர்களுக்கும் வார்டு உதவியாளர்களுக்கும் புதிய செவிலியர்களுக்கும் மாதந்தோறும் இரண்டு மணி நேர வகுப்பு எடுக்கிறார். அந்த வகுப்பை ஆறு வாரத்தில் ஆன்லைன் பாடமாக மாற்றச் சொல்லியிருக்கிறது நிர்வாகம்.

அவர் ஆன்லைன் பாடங்களை உருவாக்கும் ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன் மென்பொருளின் 30 நாள் சோதனைப் பதிப்பை இறக்கிக்கொண்டார். அதில் 11 நாட்கள் போய்விட்டன. வகுப்பில் காட்டும் 140 ஸ்லைடுகளில் ஒன்பதுதான் அதில் முடிந்திருக்கின்றன. எழுத்துகள் பறந்து வருவதற்கும் தொட்டியின் மூடி திறந்து மூடுவதற்கும் இரவெல்லாம் உட்கார்ந்ததாக எழுதுகிறார். அவருடைய கேள்விகள் இவை. எந்த மென்பொருள் நல்லது? சோதனைக் காலம் முடிந்தபின், தம்பியின் நண்பர் தருவதாகச் சொல்லும் திருட்டுப் பதிப்பைப் பயன்படுத்தலாமா? இணையத்தில் கிடைக்கும் படங்களை எடுத்துக்கொள்ளலாமா? முழுவதையும் பார்க்காமல் யாரும் தாண்டிப் போகாதபடி 'அடுத்து' பொத்தானைப் பூட்டிவைக்கலாமா? பாடம் நன்றாக வந்தால் வேறு மருத்துவமனைகளுக்கு விற்க முடியுமா? கடைசியாக, "கம்ப்யூட்டர் படிக்காத நான் இதற்குத் தகுதியானவளா?"

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். போன மாதம் ஓர் உதவியாளர், எரிக்க வேண்டிய கழிவுக்கான மஞ்சள் பையைக் கட்டும்போது, உள்ளே கிடந்த ஊசி அவருடைய கட்டைவிரலில் குத்திவிட்டது. அவரை அவசரப் பிரிவுக்கு அழைத்துப்போனது நீங்கள்தான். குத்துப்பட்டவரும் உங்கள் வகுப்பில் உட்கார்ந்தவர். அந்த ஊசியை அங்கே போட்டவரும் உட்கார்ந்தவர்.

இருபது ஆண்டுகளாகப் பயிற்சிப் பாடங்களை வடிவமைத்து வருகிறேன். இந்த மூன்று வரிகளைப் போல ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் குறைவு. மென்பொருளை ஒரு மாதத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஊசி ஏன் மஞ்சள் பைக்குப் போனது என்று தெரிந்த ஆளை வெளியிலிருந்து கொண்டுவர முடியாது. தகுதியைப் பற்றி இனி யோசிக்காதீர்கள். ஆனால் அந்தச் சம்பவம் உங்கள் 140 ஸ்லைடுகளில் எங்கேயும் இல்லை. அதுதான் என் கவலை.

மென்பொருளை மூடிவிட்டு ஒரு தாளை எடுங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இருக்கிற ஸ்லைடுகளை அப்படியே மென்பொருளில் ஏற்றி, குரல் சேர்த்து, கடைசியில் பத்துக் கேள்விகள் வைத்துவிட்டால் பாடம் தயார் என்று நினைக்கிறார்கள். நீங்களும் அந்த வழியில்தான் இருக்கிறீர்கள். வகுப்பில் அந்த ஸ்லைடுகளுக்கு உயிர் கொடுத்தது நீங்கள். ஒருவர் முகம் சுருங்கினால் நிறுத்திச் சொன்னீர்கள். ஒரு கையுறையை எடுத்துக் காட்டினீர்கள். நீங்கள் இல்லாமல் போனால் மிஞ்சுவது வரையறைகளும் அட்டவணைகளும்தான்.

இந்த வாரம் மென்பொருளைத் திறக்கவே வேண்டாம். காலைப் பணிமாற்ற நேரத்தில் ஒருமுறையும் இரவுப் பணியில் ஒருமுறையும் வார்டில் இரண்டிரண்டு மணி நேரம் நில்லுங்கள். தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியரையும் கூட்டிக்கொண்டு, உரிய பாதுகாப்போடு தொட்டிகளைத் திறந்து பாருங்கள். யார், எந்த நேரத்தில், எதை, எங்கே தவறாகப் போடுகிறார்கள் என்று ஒரே தாளில் எழுதுங்கள். ஐந்து தவறுகள் கிடைத்தால் போதும். அந்த ஐந்தும்தான் பாடம். கழிவுகளின் வரையறை, விதிகள் வந்த கதை, படிவங்களின் பெயர் ஆகியவற்றை இரண்டு பக்கக் கோப்பாகத் தனியே கொடுத்துவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் ஒன்பதாவது ஸ்லைடில் இருக்கும் கேள்வி இது: "சிவப்புப் பையில் போட வேண்டியவை எவை?" எல்லோரும் சரியாகச் சொல்வார்கள், தொட்டிக்கு மேல் சுவரிலேயே அது ஒட்டியிருக்கிறது. அதே விஷயத்தை இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"இரவு 2 மணி. ஏழாம் படுக்கை நோயாளிக்கு டிரிப் முடிந்துவிட்டது. செவிலியர் ஊசியை அகற்றி அதற்குரிய பெட்டியில் போட்டுவிட்டார். குழாய் உங்கள் கையில் இருக்கிறது. சிவப்புத் தொட்டி நிரம்பி வழிகிறது. பக்கத்தில் மஞ்சள் தொட்டி காலியாக இருக்கிறது. என்ன செய்வீர்கள்?"

இப்போது படிப்பவர் யோசிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இது அவருக்கு நடந்திருக்கிறது. 'மஞ்சளில் போடுவேன்' என்று தேர்ந்தெடுத்தால், 'தவறு, மீண்டும் முயலுங்கள்' என்று காட்டிவிட்டுப் போகாதீர்கள். மஞ்சள் பையில் இருப்பது எரியூட்டும் இடத்துக்குப் போகிறது, பிளாஸ்டிக் குழாய் எரிந்தால் நச்சுப்புகை வரும். சிவப்பில் இருப்பது கிருமி நீக்கப்பட்டு, துண்டாக்கப்பட்டு, மறுசுழற்சிக்குப் போகிறது. இந்த இரண்டு வரி அந்த இடத்தில் வரட்டும். கூடவே, முக்கால் பங்கு நிரம்பியதுமே பையைக் கட்டி மாற்றியிருக்க வேண்டும் என்ற பழக்கமும், உங்கள் மருத்துவமனையில் இரவில் புதிய பை எங்கே கிடைக்கும் என்ற தகவலும். இந்தக் கடைசித் தகவல் எந்த விதிப் புத்தகத்திலும் இருக்காது. பல தவறுகளுக்குக் காரணம் அறியாமை அல்ல, பை இருக்கும் அலமாரியின் சாவி வேறொருவரிடம் இருப்பதுதான். அப்படி ஒன்று தெரியவந்தால் அதைப் பாடத்தில் வைக்காதீர்கள். நிர்வாகத்திடம் சொல்லிச் சரிசெய்யுங்கள்.

இதேபோல ஐந்து சூழல்கள் எழுதினால் 15 நிமிடப் பாடம் கிடைக்கும். ஊசிக் காயம்பட்ட அந்த நாளை, ஆளை அடையாளம் காட்டாமல், முதல் சூழலாக வையுங்கள்.

குரல் பற்றியும் ஒன்று. திரையில் ஒரு பத்தி எழுதிவிட்டு அதையே வரி பிசகாமல் வாசித்துக் காட்டுவது எல்லோரும் செய்கிற தவறு. படத்தோடு குரல் போதும் என்கிற இடத்தில் அதே சொற்களைத் திரையிலும் நிரப்பினால் கற்றல் குறைகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் பணியாளர்களில் சிலர் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் என்கிறீர்கள். அவர்களுக்குக் குரல்தான் முதன்மை. திரையில் படமும் இரண்டு மூன்று சொற்களும் இருக்கட்டும். காது கேளாதவர்களுக்காக முழு உரையையும் வேண்டும்போது திறந்துகொள்ளும்படி வையுங்கள். குரல் உங்களுடையதாகவே இருக்கட்டும். கணினிக் குரலை விட, வார்டில் தினமும் கேட்ட குரலுக்கு அவர்கள் காது கொடுப்பார்கள். ஒலிப்பதிவு அறை தேவையில்லை. மின்விசிறியை நிறுத்தி, துணி நிறைந்த அலமாரியின் முன் உட்கார்ந்து பேசினாலே எதிரொலி அடங்கிவிடும்.

எந்த மென்பொருள்?

மருத்துவமனையில் ஆன்லைன் பாடங்களை ஏற்றி நடத்தும் மூடுல் தளம் ஏற்கெனவே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முதல் பாடத்துக்குச் செலவே தேவையில்லை. மூடுலுக்குள்ளேயே எச்5பி என்ற இலவசக் கருவி இயங்கும். படத்தில் தொட்டுப் பார்ப்பது, ஒரு முடிவைத் தேர்ந்தெடுத்தால் அதற்கேற்பக் கதை பிரிவது, இடையில் கேள்வி வரும் வீடியோ எல்லாம் அதில் செய்யலாம். நான் மேலே சொன்ன பாடத்துக்கு அது போதும்.

ஸ்டோரிலைன் சக்தி வாய்ந்த கருவி; மறுக்கவில்லை. ஆனால் விண்டோஸில் மட்டும் இயங்குகிறது; ஆண்டுச் சந்தா லட்ச ரூபாய் அளவுக்கு வரும். சந்தா நின்றுவிட்டால், ஏற்கெனவே தளத்தில் ஏற்றிய பாடம் ஓடிக்கொண்டிருக்கும். மூலக் கோப்பைத் திறந்து ஒரு சொல்லைக்கூடத் திருத்த முடியாது. இது உங்களுக்கு முக்கியம், ஏனென்றால் விதிகள் மாறும், பாடமும் மாற வேண்டியிருக்கும். இன்னொன்று, அதில் செய்த ஸ்லைடு கைப்பேசியில் அப்படியே சுருங்கித் தெரியும். எழுத்தும் கூடவே சுருங்கும். உங்கள் பணியாளர்கள் கைப்பேசியில்தான் படிக்கப்போகிறார்கள். அதே நிறுவனத்தின் ரைஸ் என்ற கருவி திரைக்கேற்பத் தானே அடுக்கிக்கொள்ளும்; எச்5பியிலும் பல வகைகள் அப்படித்தான். நிர்வாகம் தொடர்ந்து பல பாடங்கள் செய்யத் திட்டமிட்டிருந்தால் இரண்டாவது பாடத்தின்போது சந்தாவைப் பற்றிப் பேசுங்கள். அதுவரை மீதமுள்ள 19 நாட்களை ஸ்டோரிலைனைக் கற்றுக்கொள்ளப் பயன்படுத்துங்கள். கெடுவுள்ள வேலையை அதில் மாட்டிவைக்க வேண்டாம்.

நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் உரை, ஒலிக்கோப்பு, படங்கள் மூன்றையும் மென்பொருளுக்கு வெளியே தனிக் கோப்புறையில் வைத்திருங்கள். 2020 டிசம்பர் 31 அன்று அடோபி நிறுவனம் தன் ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை நிறுத்தியது. அதற்குமுன் நான் செய்த பாடங்கள் பல அதில் இருந்தன. எழுத்துரையைத் தனியே வைத்திருந்த பாடங்களைச் சில வாரங்களில் மீட்டேன். மற்றவற்றை மீட்கவே முடியவில்லை.

தமிழ் உடையும் இடங்கள்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உங்கள் பழைய ஸ்லைடுகள் பாமினி போன்ற பழைய வகை எழுத்துருவில் இருந்தால், புதிய மென்பொருளில் ஒட்டும்போது ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். முதலில், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றுங்கள். மாற்றியபின் ஒவ்வொரு வரியையும் கண்ணால் படியுங்கள்.

யூனிகோடிலும் சில கருவிகளில் 'கொ' என்ற எழுத்தின் கொம்பு தனியே பிரிந்து, பக்கத்தில் புள்ளி வட்டத்தோடு நிற்கும். ஆகவே வேலையைத் தொடங்கும் நாளிலேயே 'கொட்டிய', 'நோயாளி', 'கையுறை' என்று மூன்று சொற்கள் உள்ள ஒரே பக்கத்தைச் செய்து, தளத்தில் ஏற்றி, விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றில் திறந்து பாருங்கள். அங்கே சரியாகத் தெரிந்தால் மேலே போகலாம். கோப்புப் பெயர்களைத் தமிழில் வைக்க வேண்டாம். சில தளங்கள் அவற்றைத் திறக்கத் தடுமாறும்.

பாடம் முழுக்கத் தமிழில் இருந்தாலும் கீழே உள்ள பொத்தான்களில் 'நெக்ஸ்ட்', 'சப்மிட்' என்று ஆங்கில எழுத்திலேயே இருக்கும். பணி முடியும் வயதில் இருந்த ஓர் ஆயா, எல்லாக் கேள்விக்கும் சரியான விடையைத் தொட்டுவிட்டு, பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். 'சப்மிட்' பொத்தானை அழுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தச் சொற்களை மாற்றும் வசதி எல்லா நல்ல மென்பொருளிலும் இருக்கிறது. 'விடையைக் கொடு', 'அடுத்து' என்று மாற்றுங்கள்.

நிறத்தை மட்டும் வைத்துத் தொட்டிகளைக் காட்டாதீர்கள். நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர்கள் உங்கள் பணியாளர்களிலும் இருக்கலாம். ஒவ்வொரு தொட்டியின்மேலும் நிறத்தின் பெயரை எழுதுங்கள். இழுத்துக் கொண்டுபோய்ப் போடும் பயிற்சி அழகாக இருக்கும்; சிறிய திரையில் விரல் நழுவி, தெரிந்தவரும் தவறாகப் போடுவார். தொட்டுத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

பூட்டிய பொத்தான் என்ன செய்யும்?

'அடுத்து' பொத்தானைப் பூட்டினால் எல்லோரும் முழுவதும் படிப்பார்கள் என்று நம்புகிறீர்கள். அவர்கள் கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். குரல் நின்றதும் வந்து அழுத்துவார்கள். 20 ஆண்டு அனுபவமுள்ள செவிலியர் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வார். பொத்தான்களைத் திறந்தே விடுங்கள். ஐந்து சூழல்களுக்கும் முடிவெடுத்தால்தான் பாடம் முடிந்ததாகக் கணக்கில் வரும் என்று வைத்தால் போதும்.

நிர்வாகத்தின் கவலையும் நியாயமானதுதான். 2016ஆம் ஆண்டின் உயிர் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் எல்லோருக்கும் பணியில் சேரும்போதும் அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையாவது பயிற்சி தரச் சொல்கின்றன. ஆகவே பதிவு வேண்டும். எச்5பியில் செய்தால் மதிப்பெண் மூடுலிலேயே பதிவாகிவிடும். ஸ்டோரிலைன் போன்ற கருவியில் செய்தால் பாடமும் தளமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் ஸ்கார்ம் என்ற வடிவில் பாடத்தை வெளியிட்டுத் தளத்தில் ஏற்ற வேண்டும். இன்றும் பரவலாகப் புழங்கும் ஸ்கார்ம் 1.2 பதிப்பு 2001இல் வந்தது. படிப்பவர் எங்கே விட்டார், என்ன விடை சொன்னார் என்பதை நினைவில் வைக்க அது தருவது 4,096 எழுத்துகளுக்கான இடம் மட்டுமே. 140 ஸ்லைடுகளை ஒரே பாடமாக ஏற்றினால் அந்த இடம் நிரம்பிவிடக்கூடும். பாதியில் மூடியவர் மறுநாள் வரும்போது முதலிலிருந்து தொடங்க நேரிடும். பலர் தளத்தைக் குறை சொல்லும் இந்தக் கோளாறுக்குப் பாடத்தின் நீளமே காரணமாக இருப்பதுண்டு. குறும் பாடங்களாகப் பிரிப்பதற்கு இது இன்னொரு காரணம். உங்கள் கணினியில் ஓடுவதை வைத்துத் திருப்தி அடைய வேண்டாம். இரண்டே பக்கம் முடிந்ததும் தளத்தில் ஏற்றி, 'முடித்தார்' என்று பதிவாகிறதா என்று பாருங்கள்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கையுறையைக் கழற்றுவதும் ஊசியை அகற்றுவதும் கையால் செய்து பழக வேண்டியவை. வகுப்பை முழுவதும் நிறுத்தப்போவதாக நிர்வாகம் சொன்னால், 15 நிமிட ஆன்லைன் பாடத்தோடு 20 நிமிட வார்டுப் பயிற்சியும் சேர்ந்ததுதான் பயிற்சி என்று எழுத்தில் கொடுங்கள்.

படங்களும் உரிமையும்

இணையத்தில் தேடினால் கிடைக்கிறது என்பதால் ஒரு படம் இலவசமாகிவிடாது. பதிப்புரிமைச் சட்டம் 1957, ஆசிரியரும் மாணவரும் பாடம் நடக்கையில் ஒரு படைப்பைப் பயன்படுத்தச் சலுகை தருகிறது. ஒரு தனியார் மருத்துவமனை தன் ஊழியர்களுக்குச் செய்யும் பாடத்துக்கு, அதிலும் பின்னால் விற்க நினைக்கும் பாடத்துக்கு, அதை நம்பி இறங்குவது ஆபத்து. உங்கள் வார்டின் தொட்டிகளை நீங்களே கைப்பேசியில் படமெடுங்கள், நிர்வாகத்தின் அனுமதியோடு. பணியாளர்களுக்குத் தங்கள் இடத்தையே திரையில் பார்ப்பது எந்த வாங்கிய படத்தையும் விட நன்றாகப் புரியும். எடுத்தபின் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள்: டிரிப் பாட்டிலில் ஒட்டிய சீட்டில் நோயாளியின் பெயர், பின்னால் படுக்கையில் ஒரு முகம் என்று ஏதாவது தெரியலாம். விதிகளின் வாசகத்தை எடுத்தாளலாம். அரசிதழில் வெளியான விதிகளுக்கு அந்தத் தடையில்லை.

திருட்டுப் பதிப்பு கூடவே கூடாது. திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைப் பயன்படுத்துவது அதே சட்டத்தின் 63பி பிரிவின்படி குற்றம். ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. லாபத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையை விலக்கலாம், ஆனால் நீங்கள் விற்கும் எண்ணத்தில் இருக்கிறீர்கள். தம்பியின் நண்பர் நல்ல மனதோடு தருகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் எங்கிருந்தோ வந்த அந்தக் கோப்பை நோயாளிகளின் விவரங்கள் இருக்கும் வலையமைப்பில் திறக்கப்போவது உங்கள் கை. ஏதாவது நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

விற்பது பற்றி நீங்கள் வைத்திருக்கும் கணக்கைச் சற்றுத் திருத்த வேண்டியிருக்கிறது. இரவில் வீட்டில் உட்கார்ந்து சொந்த மடிக்கணினியில் செய்வதால் பாடம் உங்களுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே, எப்போது செய்தீர்கள் என்பது இங்கே பெரிதல்ல. பணியின் பகுதியாகச் செய்தீர்களா என்பதே கேள்வி. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஊழியர் தம் பணியில் உருவாக்கும் படைப்புக்கு முதல் உரிமையாளர் முதலாளிதான் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. பயிற்சிப் பிரிவில் இருக்கும் உங்களிடம் நிர்வாகமே கேட்ட பாடம் இது. ஆகவே மருத்துவமனையுடையது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அதனால் வழி அடைபட்டுவிடவில்லை. பாடத்தில் 'உருவாக்கியவர்' என்று உங்கள் பெயர் வர வேண்டும் என்று இப்போதே கேளுங்கள்; பாடம் வெளியான பிறகு கேட்டால் சங்கடம். வேறு மருத்துவமனைகளுக்குக் கொடுத்தால் வருமானத்தில் பங்கு என்று நிர்வாகத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்யலாம். நீங்கள் கற்ற திறமையும், சூழல்களாக யோசிக்கும் முறையும் யாருக்கும் சொந்தமல்ல. வேறொரு நாள், வேறொரு தலைப்பில், பணிக்கு வெளியே நீங்கள் செய்யும் பாடம் உங்களுடையது. ஆனால் வெளி வேலைக்குத் தடை இருக்கிறதா என்று உங்கள் நியமனக் கடிதத்தைப் பாருங்கள். அந்தக் கடிதத்தையும் இந்தக் கேள்வியையும் ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

ஆறு வாரத்தில் இரண்டு வாரம் ஏறக்குறையப் போய்விட்டது. ஒரு வாரம் வார்டில் நிற்கவும் தாளில் எழுதவும். ஒன்றரை வாரம் படமும் குரலும் சேர்த்துப் பாடம் செய்யவும். மிச்சம் உள்ள நாட்கள் சோதனைக்கு. ஐந்து பணியாளர்களை அழைத்து, அவரவர் கைப்பேசியில் பாடத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அவர்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில், சிக்னல் குறைவாக இருந்தாலும் அங்கேயே. பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பாருங்கள். விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். திருத்திவிட்டு இன்னொரு ஐந்து பேர்.

பாடம் வெளியாவதற்கு முந்தைய வாரம் எத்தனை பைகளில் தவறான பொருள் கிடந்தது என்று எண்ணி வையுங்கள். வெளியாகி ஒரு மாதம் கழித்து மறுபடி எண்ணுங்கள். நிர்வாகத்திடம் அந்த இரண்டு எண்களையும் கொண்டுபோங்கள்.

முதல் ஐந்து பேரில், அவர் சம்மதித்தால், ஊசி குத்திய அந்த உதவியாளரும் இருக்கட்டும். முதல் சூழலைப் பார்த்துவிட்டு, "இல்லை சிஸ்டர், அன்றைக்கு இப்படி நடக்கவில்லை" என்று அவர் சொன்னால் அதை அப்படியே திருத்தி எழுதுங்கள்.